சோதனைக்குழாயில் ஒரு ராணி: கறுப்புத் தோட்ட எறும்பு வளர்க்கும் முறை

ஜூலை பிற்பாதியில் லண்டனிலோ பெர்லினிலோ இரண்டு மூன்று நாள் புழுங்கித் தள்ளிய பிறகு, காற்று அசையாத ஒரு மாலை வரும். நடைபாதைக் கல்லின் இடுக்கிலிருந்து சிறகு முளைத்த எறும்புகள் கொத்துக் கொத்தாக ஏறி வந்து பறக்கத் தொடங்கும். பெரும்பாலும் அது லாசியஸ் நைஜர், கறுப்புத் தோட்ட எறும்பு. 2019 ஜூலையில் தென்கிழக்கு இங்கிலாந்தில் கிளம்பிய கூட்டம் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ரேடாரில் மழைபோலத் தெரிந்தது. எறும்பு வளர்க்க நினைப்பவருக்கு ஆண்டின் முகூர்த்த நாள் அதுதான். ஒரு பைசா செலவில்லாமல் ராணி கிடைக்கும்.

முதல்முறை வளர்ப்பவர் இந்த இனத்தில் தொடங்குவதே நல்லது. கொடுக்கு கிடையாது. கடித்தாலும் உறைக்காது. ராணி தனியாளாக, சாப்பாடே இல்லாமல், முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும். வீட்டு வெப்பமே போதும். ஒன்றை மட்டும் தொடங்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்: வளர்ப்பில் இருந்த ஒரு ராணி 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. நாய் வாங்குவதைவிட நீண்ட பொறுப்பு இது.

பட்டினியால் சாகும் கூட்டங்கள் குறைவு. ஆர்வத்தால் சாகிறவையே அதிகம். "முட்டை இட்டிருக்கிறதா" என்று நாளுக்கு மூன்று தடவை குழாயைத் தூக்கிப் பார்க்கும் கைதான் ராணிக்கு முதல் எதிரி.

ராணியை அடையாளம் காண்பது

பறந்து இணைசேர்ந்த ராணி தரையிறங்கியதும் தன் சிறகைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, ஒளிய இடம் தேடி வேகவேகமாக ஓடும். சிறகில்லாமல் தனியாக ஓடுவதைப் பிடியுங்கள். சிறகோடு இருப்பதைப் பிடித்தால் அது இணைசேர்ந்ததா என்று சொல்ல முடியாது. ஒருநாள் குழாயில் வைத்துப் பார்த்து, சிறகைக் கழற்றவில்லை என்றால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

ராணியின் நீளம் 8 முதல் 9 மி.மீ. கருப்பும் பழுப்பும் கலந்த நிறம். மேலிருந்து பார்த்தால் மார்புப்பகுதி தலையைவிட அகலமாக, திமில்போலப் புடைத்திருக்கும். சிறகை இயக்கும் தசை அதற்குள்தான் இருக்கிறது. ஆண் எறும்பு 4, 5 மி.மீ.தான், மெலிந்தது, ஓரிரு நாளில் செத்துவிடும். வயிற்றின் அடிப்பக்கம் மஞ்சள் பழுப்பாக இருந்தால் அது லாசியஸ் ஃபிளாவஸ். மண்ணுக்கடியிலேயே வாழும் இனம், பார்க்க அதிகம் இருக்காது. தலை மார்பைவிட அகலமாக, உடல் செம்பழுப்பாகப் பளபளத்தால் லாசியஸ் அம்பிரேட்டஸாக இருக்கலாம். அது பிற இனத்தின் கூட்டுக்குள் புகுந்து அங்குள்ள ராணியின் இடத்தைப் பிடிக்கும் ஒட்டுண்ணி. தனியாக விட்டால் ஒரு பிள்ளையைக்கூட வளர்க்காது.

ஊர் ஞாபகத்தில் இதை ஈசல் என்று சொல்லிவிடுவோம். ஈசல் கறையானைச் சேர்ந்தது. அதற்கு இடுப்பு ஒடுங்காது, நான்கு சிறகும் ஒரே நீளம், உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக இருக்கும். பறக்கும் எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்சிறகு பெரியது, உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும்.

ஜெர்மனியில் காட்டில் மேடுகட்டி வாழும் செவ்வெறும்பு இனங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றின் ராணியையோ கூட்டையோ தொடக்கூடாது. தோட்ட எறும்புக்கு அந்தத் தடை இல்லை.

குழாய் தயார் செய்வது

16 மி.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள கண்ணாடிச் சோதனைக்குழாய், சாதாரண மருத்துவப் பஞ்சு, தண்ணீர். முதல் ஓராண்டுக்கு இவ்வளவுதான் வேண்டும். மண் நிரப்பிய அலங்காரப் பெட்டியோ நீல ஜெல் பெட்டியோ வாங்கவேண்டாம். ஜெல்லில் பூஞ்சை பிடிக்கும், புரதமும் இல்லை. மண்ணுக்குள் ராணி இறங்கிவிட்டால் உயிரோடு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

குழாயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சை இறுக்கமாக உருட்டி, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தள்ளுங்கள். பஞ்சு தண்ணீரைத் தொட்டு, முன்முகம் ஈரமானதும் நிறுத்துங்கள். இடையில் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. குமிழி இருந்து, குழாயை வெயில்படும் ஜன்னலில் வைத்தால், சூட்டில் காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியே பிதுக்கித் தள்ளும். காலையில் பார்த்தால் ராணி வெள்ளத்தில் மிதக்கும். புதிதாகத் தொடங்குபவர் ராணியை இழக்கும் வழிகளில் இது அடிக்கடி நடப்பது.

ஈரப்பஞ்சுக்கு முன்னால் 5, 6 செ.மீ. வெற்றிடம் ராணிக்கு. வாயை உலர்ந்த பஞ்சால் அடையுங்கள். விரலால் இழுத்தால் வரும் இறுக்கம் போதும், மூச்சுக்காற்று அதன் வழியேதான் போகும். ரப்பர் மூடி போடக்கூடாது. இந்த எறும்பு மிரண்டால் ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். காற்று வெளியேற வழியில்லாத குழாயைக் குலுக்கினால் தன் அமில நெடியிலேயே அது சாகும்.

பிறகு குழாயை ஒரு துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வையுங்கள். கதவு அறையும் இடம், ஸ்பீக்கர் பக்கம், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்தட்டு எல்லாம் ஆகாது. கண்ணைவிட அதிர்வைத்தான் எறும்பு அதிகம் கவனிக்கும்.

காத்திருக்கும் இரண்டு மாதம்

ராணிக்கு இப்போது எதுவும் ஊட்டக்கூடாது. தேன்துளிகூட வேண்டாம். இனிப் பறக்கப்போவதில்லை என்பதால் சிறகுத் தசையைக் கரைத்து, அதிலிருந்தே முட்டையையும் புழுவுக்கான உணவையும் தயாரித்துக்கொள்ளும். நீங்கள் வைக்கும் தேன் அதற்குப் பூஞ்சையையும் ஒட்டலையும்தான் தரும்.

24 முதல் 26 டிகிரி செல்சியஸில் ஓரிரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முதல் முட்டைகள் வரும். கசகசா விதையைவிடச் சிறியவை, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிறு கட்டியாக ராணியின் வாயருகே இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் புழு. பிறகு ஒவ்வொரு புழுவும் வெளிர்மஞ்சள் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரியும். புழுவாக இருந்த காலம் முழுக்க அடக்கிவைத்த கழிவை மொத்தமாக வெளியேற்றிய இடம் அது. மழைக்கு முன் எறும்புகள் வாயில் தூக்கிக்கொண்டு ஓடும் வெள்ளை உருண்டையை "எறும்பு முட்டை" என்கிறோமே, அது பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுதான். உண்மையான முட்டை கண்ணில் படுவதே கடினம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் வேலைக்காரிகள் வெளிவரும். ஐந்திலிருந்து பதினைந்துக்குள், வழக்கமான அளவைவிடச் சின்னதாக இருக்கும். ராணி தன் உடம்பைக் கரைத்து வளர்த்தவை, அதனால்தான் அந்தச் சிக்கனம்.

இதற்கு நடுவே வாரம் ஒரு தடவை, அரை நிமிடம் பார்த்தால் போதும். முட்டைக்கட்டி திடீரென்று காணாமல் போனால், தொந்தரவு தாங்காமல் ராணியே தின்றிருக்கும். இரண்டு வாரம் தொடாமல் விட்டால் பெரும்பாலும் மறுபடி இடும். பஞ்சு மஞ்சளாவதும் கொஞ்சம் சாம்பல் பிடிப்பதும் பரவாயில்லை. பூஞ்சை வெற்றிடத்துக்குள் நீண்டு வந்தால் மட்டும் வேறு குழாய்க்கு மாற்றுங்கள். ஆகஸ்ட் இறுதிவரை ஒரு முட்டைகூட இல்லையென்றால் அவசரப்படவேண்டாம். சில ராணிகள் குளிர்காலம் முடிந்த பிறகே தொடங்கும்.

பல ராணிகளை ஒரே குழாயில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் ஒத்துப்போகும், முட்டைகளையும் சேர்த்து வளர்க்கும், பிள்ளைகளும் கூடுதலாக வரும். முதல் வேலைக்காரிகள் நடமாடத் தொடங்கியதும் சண்டை ஆரம்பிக்கும். கால் போன ராணி, தலை போன ராணி என்று முடிந்து ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் காயத்தோடு இருக்கலாம். ஒரு குழாய்க்கு ஒரு ராணி. மூன்று பிடித்தால் மூன்று குழாய்.

கூட்டத்தைச் சீக்கிரம் பெருக்க நல்ல வழி ஒன்று உண்டு. தோட்டத்துக் கல்லைப் புரட்டி, அதே இனத்தின் கூட்டுப்புழுக்கள் பத்தோ இருபதோ எடுத்துக் குழாயில் போடுங்கள். வெளிவரும் எறும்புக்கு முதலில் பழகும் மணம் இந்த ராணியினுடையது, அதனால் தாயாக ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த எறும்பு ஒன்று கலந்துவிட்டாலும் ராணியைக் கொன்றுவிடக்கூடும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள்.

சாப்பாடு

வேலைக்காரிகள் வந்த பிறகு இரண்டு வகை உணவு வேண்டும். ஓடியாட இனிப்பு, புழு வளரப் புரதம்.

ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர். அதில் கடுகளவு துளியை அலுமினியத் தாளின் சிறு துண்டில் வைத்து, வாய்ப்பஞ்சை எடுத்துக் குழாய்க்குள் நகர்த்துங்கள். தேனை அப்படியே வைத்தால் கால் ஒட்டிச் சாகும், அதையும் கரைத்தே வைக்கவேண்டும். எறும்பு குடிக்கும்போது பின்வயிற்றைக் கவனியுங்கள். கறுப்புப் பட்டைகள் விலகி நடுவே தோல் கோடுகோடாகத் தெரியும் அளவுக்கு உப்பும். திரும்பிப் போய், வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் ராணிக்கும் பகிரும். ஐந்து எறும்பில் ஒன்று மட்டும் குடித்திருந்தாலும் எல்லோரும் சாப்பிட்டதாகவே அர்த்தம்.

புரதத்துக்கு முதலில் பழ ஈ ஒன்று, இரண்டாக வெட்டி, வாரம் இரண்டு தடவை. கூட்டம் பெருகினால் பல்லி, ஓணான் வளர்ப்போருக்காகக் கடையில் விற்கும் சிள்வண்டும் மாவுப்புழுவும். எதுவாக இருந்தாலும் கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்துவிட்டுக் கொடுங்கள். உயிரோடு போட்டால் பூச்சி உதைத்து எறும்பைக் கொல்லும், அதன்மேல் ஒட்டிவரும் சிற்றுண்ணிகள் கூட்டுக்குள் பரவும். ஜன்னலோரம் செத்துக்கிடக்கும் ஈயை எடுத்துப் போடவே கூடாது. யாரோ அடித்த பூச்சிமருந்தில் செத்ததாக இருக்கலாம். அந்த ஒரு ஈ மொத்தக் கூட்டத்தையும் முடித்துவிடும்.

மிச்சத்தை இரண்டு நாளுக்குள் எடுத்துவிடுங்கள். புரதத்தை எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு புழு வளரும். கூட்டம் வேகமாகப் பெருகுவது பிடிக்கவில்லை என்றால் பூச்சியைக் குறைத்தால் போதும், இனிப்பைக் குறைக்கவேண்டாம்.

வெளிப்பெட்டியும் வேலியும்

இருபது எறும்பு சேர்ந்ததும் குழாயை அப்படியே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் படுக்கவைத்து, வாய்ப்பஞ்சில் ஓர் எறும்பு நுழையும் இடைவெளி விடுங்கள். 15 செ.மீ.க்கு 10 செ.மீ. பெட்டி தாராளம். குழாய் உறங்குமிடம், பெட்டி இரை தேடும் இடம். குப்பையையும் அங்கேதான் ஒரு மூலையில் கொட்டும்.

பலகாரத் தூக்கை தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பை வெளியே நிறுத்துவது நம் வீட்டு வழக்கம். இங்கே எறும்பை உள்ளே நிறுத்தவேண்டும். பெட்டியின் மேல்விளிம்புக்கு உட்பக்கம் 3 செ.மீ. அகலத்துக்குப் பாரஃபின் எண்ணெயை (மருந்துக்கடை லிக்விட் பாரஃபின், மண்ணெண்ணெய் அல்ல) பஞ்சால் மிக மெல்லிசாகத் தேயுங்கள். வழியும் அளவு தேய்த்தால் தப்பு, தரைக்கு ஒழுகி எறும்பின் மூச்சுத்துளையை அடைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். டால்கம் பவுடரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பசைபோலக் குழைத்துப் பூசிக் காயவிடுவது இன்னொரு வழி. நன்றாக வேலை செய்யும், ஆனால் ஈரம் பட்டால் உதிரும். மூடிக்கு 0.3 மி.மீ. துளை உள்ள எஃகு வலை. நைலான் வலையைக் கடித்து ஓட்டையாக்கிவிடும்.

ஏஏசி பிளாக்கில் கூடு

ஐம்பது, அறுபது எறும்பு ஆகும்வரை குழாயே போதும். பெரிய கூடு சீக்கிரம் கொடுத்தால் எறும்புக்கு அது மாளிகை ஆகாது. ஒரு அறையில் ஒண்டிக்கொண்டு மற்ற அறைகளில் குப்பையைக் குவிக்கும், குப்பையில் பூஞ்சை வரும். கூட்டத்துக்கு இப்போது தேவைப்படும் இடத்தைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

கட்டுமானக்காரர்கள் ஏஏசி பிளாக் என்னும் எடை குறைந்த கல், ஐரோப்பாவில் யிடோங் என்று கேட்டால் கிடைக்கும். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். முகத்தை மணல்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். கண்ணாடியை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கும் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. கண்ணுக்குத் தெரியும் இடுக்கு முதல் பிள்ளைகளுக்கு வாசல்.

ஓரத்தில் 1.5 செ.மீ. விட்டு, பென்சிலால் அறைகளை வரைந்து பழைய திருப்புளியால் சுரண்டுங்கள். அறையின் ஆழம் 8 முதல் 10 மி.மீ., பாதையின் அகலம் 5, 6 மி.மீ. அதற்கு மேல் ஆழம் வைத்தால் எறும்பு அடியில் ஒளிந்து, நீங்கள் பார்ப்பது வெறும் கூரையாக இருக்கும். ஒரு முனையில், அறைகளிலிருந்து 2 செ.மீ. தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஒன்று குடையுங்கள். அது அறைகளோடு சேரக்கூடாது. தண்ணீர் கல் வழியே கசிந்து, ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்ந்தும் இருக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர் சார்ல் ஜானே பிளாஸ்டர் கூட்டின் ஒரு முனையில் தண்ணீர் வைத்து இதைத்தான் செய்தார். முட்டைக்கு ஈரம் வேண்டும், கூட்டுப்புழுவுக்கு உலர்வு வேண்டும். எங்கே எதை வைப்பது என்பதை வேலைக்காரிகளே முடிவு செய்து நாள் முழுக்கத் தூக்கி மாற்றிக்கொண்டிருக்கும்.

தூசியைக் கழுவி இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். 2 மி.மீ. கண்ணாடியை சிலிகான் வைத்து ஒட்டினால் புளிப்பு நெடி முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், எறும்பை விடாதீர்கள். கண்ணாடிமேல் ஒளி ஊடுருவும் சிவப்புத் தாள் ஒட்டலாம். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவாகத் தெரியாது, நீங்கள் பார்க்கலாம். தொட்டியில் வாரம் 5 முதல் 10 மி.லி. ஊற்றிப் பாருங்கள். கல்லில் கருத்த ஈரத்தடம் மூன்றில் ஒரு பங்குவரை பரவினால் அளவு சரி. கண்ணாடியில் முத்துமுத்தாக நீர் கோத்தால் குறையுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழி இங்கே அசல் எச்சரிக்கை. இந்தக் கல்லையும் பிளாஸ்டரையும் நாளடைவில் சுரண்டும், மாதம் ஒரு தடவை ஓரங்களைச் சரிபாருங்கள்.

புதுக் கூட்டுக்கு எறும்பைக் கொட்டவோ ஊதித் தள்ளவோ கூடாது. புதியதை இருட்டாக்கி ஈரப்படுத்துங்கள். பழைய குழாயின் துணியை எடுத்து வெளிச்சம் படவிடுங்கள். ஒருநாளில் போகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

குளிர்காலம்

தவறாமல் செய்யவேண்டியதும், புதியவர் தவிர்க்கப் பார்ப்பதும் இதுதான். அக்டோபரில் அறை சூடாகவே இருந்தாலும் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதன் உடம்புக்குள் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. உறக்கம் கொடுக்காமல் சூட்டிலேயே வைத்தால் வேலைக்காரிகள் வீணாக அலைந்து செத்துக் குறையும், அடுத்த வசந்தத்தில் கூட்டம் மந்தமாகும்.

அக்டோபர் முழுக்க இனிப்பைத் தாராளமாக வையுங்கள், பூச்சியை மெல்ல நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரமாக 20, 15, 10 டிகிரி என்று இறக்கி, நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி இறுதிவரை 5 முதல் 8 டிகிரியில் வையுங்கள். நிலவறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில், தெர்மோகோல் பெட்டிக்குள், பக்கத்தில் ஒரு வெப்பமானியோடு. குழாயில் தண்ணீர் நிறைய இருக்கவேண்டும். குளிரில் எறும்பு சாவதைவிட வறட்சியில் சாவதே அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மட்டும் பாருங்கள். சிறு புழுக்கள் அப்படியே வளராமல் கிடக்கும், அவை செத்தவை அல்ல. வசந்தத்தில் முதலில் கொழுப்பவை அவைதான்.

மார்ச்சில் அதேபோல மெல்ல ஏற்றி, முதல் நாள் சர்க்கரைத் தண்ணீர், மூன்றாம் நாள் பூச்சி.

குளிர் தேவைப்படும் இனம் என்பதால் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இதைக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். அந்த வெப்பத்தில் கூட்டமும் நிலைக்காது, அயல்நாட்டு எறும்பை இன்னொரு மண்ணில் விடுவதன் ஆபத்தும் சிறிதல்ல.

மூன்றாம் நான்காம் ஆண்டில்

முதல் ஆண்டு முடிவில் சில பத்து, இரண்டாம் ஆண்டு சில நூறு, பிறகு ஆயிரக்கணக்கில். அப்போது ஒரு கோடையில் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டுப்புழுக்கள் தெரியும். புது ராணிகள் அவை, கூடவே ஆண்களும். புழுக்கமான ஒரு மாலையில் வெளிப்பெட்டியின் சுவரெல்லாம் சிறகோடு ஏறிக் கண்ணாடியில் முட்டும். பெட்டிக்குள் இவை இணைசேர்வதில்லை, பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். அந்த ஊரிலேயே பிடித்த ராணியின் பிள்ளைகள் என்றால், வெளியே மற்ற கூடுகளும் பறக்கும் நாளில் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறக்கலாம். வேறு நாட்டிலிருந்து வாங்கியது என்றால் திறக்காதீர்கள், சிறகுள்ளவற்றை எடுத்து உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். எப்படியானாலும் காலையிலேயே எண்ணெய்ப் பட்டையைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். அன்றைக்கு வேலைக்காரிகளும் சேர்ந்து மேலே ஏறும்.